வேறு ஊருக்கு அனுப்பி வைக்கும் லெயோன்ஸ்

பிப்ரவரி மாதம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தாலே எனக்குக் கடை வேலை ஓடாது. வடக்கே மழையில் ஊறிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் கோடை விடுமுறைக்குத் தெற்கே தங்க ஊர் தேடுகிறார் என்று அர்த்தம். கீழே கடையில் இருக்கும் நான் மாடிக்கு ஓடி வருவதற்குள் என் கணவர் லெயோன்ஸ் எடுத்துவிடுவார். அவர் எடுத்தால் போச்சு.

"எங்க பெய்ரகூரா? இல்ல மதாம், ஊரு நல்ல ஊருதான். ஆனா காத்து கிளம்புச்சுன்னா மூணு நாளைக்கு நிக்காது. ஆத்துல குளிக்கணும்னா பதினாலு கிலோமீட்டர் கீழ எறங்கணும், பூராவும் வளைவு. கொழந்தைங்க கார்ல வாந்தி எடுக்குமா? எடுக்குமா... அப்ப வேண்டாம். தேவாலய மணி வேற மணிக்கு ரெண்டு தடவ அடிக்கும். ராத்திரியும் அடிக்கும். ஏன் ரெண்டு தடவையா? மொத தடவ எண்ணத் தவறுனவங்களுக்காக. நீங்க ஒண்ணு பண்ணுங்க, கீழ வில்மாஸ்ல பாருங்க. ஆறு இருக்கு, நெழல் இருக்கு, வியாழக்கெழம சந்தை கூடும். நம்பர் தரட்டுமா?"

நம்பரும் தருவார். வில்மாஸில் வீடு வாடகைக்கு விடுகிற ஏழு பேருடைய எண்களும் அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுக்கு ஆள் பிடிக்கச் சொன்னால், கீழூர்க்காரர்களுக்குக் கூலி வாங்காத தரகராக வேலை பார்க்கிறார்.

கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஊர் அமைதியாக இருக்க வேண்டும், ஆனால் கலகலப்பாகவும் இருக்க வேண்டும். முன்னூறு வருடத்துக் கல்வீடு வேண்டும், ஆனால் தேள் கூடாது. அக்கம்பக்கம் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது, ஆனால் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் ரொட்டிக் கடை வந்துவிட வேண்டும். போன வருடம் ஒரு அம்மாள், சிள்வண்டுகள் காலையில் எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பிக்கும், அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். இப்படிப்பட்டவர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசி, முன்பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதுதான் உலக வழக்கம். இந்த மனிதருக்கு மட்டும் அந்த வழக்கம் ஒட்டவே இல்லை.

லெயோன்ஸ் முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். மஞ்சள் தபால் வண்டியில் சுற்றுவட்டார ஊர்கள் ஐந்துக்கும் கடிதம் கொண்டுபோனவர். எந்த வீட்டுச் சுவரில் ஈரம் ஏறும், எந்த நாய் சொல்லாமல் கடிக்கும், எந்த அடுப்பு புகையும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. என்னைப் பெண் கேட்டு வந்த அன்று, என் அப்பா மரியாதைக்காக, "பையன் எப்படி?" என்று கேட்டு வைத்தார். இவர், "குறட்டை விடுவேன். எங்கம்மாவோட ஒத்துப்போறது கஷ்டம். மத்தபடி பரவால்ல," என்றார். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு நானும் சிரித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. இரண்டுமே உண்மை என்று கல்யாணம் ஆன வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஊர்ச் சதுக்கத்தில் மேயர் புது நீரூற்று திறந்த அன்று, எல்லோர் முன்னிலையிலும், "எப்படி இருக்கு லெயோன்ஸ்?" என்று கேட்டார். "தண்ணி வந்தா நல்லாருக்கும்," என்றார் இவர். அதோடு எங்கள் தெருவுக்கு விளக்குப் போடும் விஷயம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

ஊர் உச்சியில் இவருடைய அத்தை விட்டுப்போன பெரிய வீடு ஒன்று இருக்கிறது. பதினொரு கட்டில், இரண்டு சமையலறை, மொட்டை மாடியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதைத்தான் கோடையில் வாடகைக்கு விடுகிறோம். கீழே சதுக்கத்தில் இருப்பது என் மளிகைக் கடை. ஊரில் இருக்கிற ஒரே கடை. ரொட்டிச் சூளை எங்கள் ஊரில் இல்லை. கீழே வில்மாஸில் இருந்து கயார் என்கிற ரொட்டிக்காரர் தினமும் காலை வேனில் கொண்டுவந்து என் கடையில் இறக்குவார். ஊரில் மீதியிருக்கும் அறுபது பேரும் ரொட்டி வாங்கத்தான் என் கடைக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் கொஞ்சம் வெண்ணெய், ஒரு சோப்பு, ஒரு பொட்டலம் காபி. ரொட்டி இல்லாவிட்டால் அவர்கள் வாரம் ஒருமுறை வில்மாஸுக்குப் போய் எல்லாவற்றையும் அங்கேயே அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். போக முடியாத கிழங்கட்டைகள் காய்ந்த ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்ன வேண்டியதுதான்.

இந்த வருடம் ஜனவரியில் கயார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ரெஜீன், போன கோடைல நாப்பது கொண்டாந்து இருபது திருப்பி எடுத்துட்டுப் போனேன். உனக்கே தெரியும்."

"தெரியும். இந்த வருஷம் வீடு நெறையும்."

"யாரு நெறைப்பாங்க? உம் புருஷனா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஜூலை ஆகஸ்ட்டுக்கு ஆளு இருக்குன்னு ஈஸ்டருக்குள்ள சொல்லு. இல்லன்னா நான் வில்மாஸோட நிறுத்திக்கிறேன். இந்த வளைவுல ஏறி ஏறி வண்டியும் போச்சு, என் முதுகும் போச்சு."

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் குறை சொல்ல வேண்டிய ஆள் என் வீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு பெல்ஜியக் குடும்பத்துக்கு வில்மாஸ் பாலத்தடியில் எந்த இடத்தில் ஆழம் குறைவு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் ஒரு நாள் கடவுளாகப் பார்த்து, லெயோன்ஸ் சவரம் செய்துகொண்டிருந்தபோது தொலைபேசியை அடிக்க வைத்தார். நான் எடுத்தேன். லீல் நகரத்துக்காரி, மதாம் தெலொபெல். பதினொரு பேர், ஆறு வாரம். ஒரே ஊரில் தங்கிக்கொண்டு அங்கிருந்து சுற்றுவட்டாரம் பூராவும் பார்க்க வேண்டுமாம். பதினொரு வடக்கத்தியர்கள் ஆறு வாரம் என்றால் ரொட்டிக்குப் பஞ்சமே இல்லை. கடை பக்கமா என்று கேட்டாள். இரண்டு நிமிடம் என்றேன். அது பொய் இல்லை. இறங்குவதற்கு இரண்டு நிமிடம்தான். ஏறுவதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"ஈஸ்டர் வாரம் சனிக்கெழம நேர்ல வந்து பாக்கறேன் மதாம். அன்னிக்கே மூணு மணிக்கு வில்மாஸ்லயும் ஒரு வீடு பாக்கறோம். எங்கூட எங்கப்பாவும் வருவார். வழியில சான்ட்விச் சாப்ட்டுட்டு பன்னெண்டரைக்கு உங்க ஊர்ல இருப்போம்."

பன்னிரண்டரை! இதுதான் இவர்களோடு பெரிய தொல்லை. எங்கள் ஊரில் பன்னிரண்டு அடித்தால் கதவு மூடும், ஜன்னல் மூடும், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். இரண்டரை வரை தெருவில் ஒரு பூனையைப் பார்க்க முடியாது. இந்த வடக்கத்தியர்கள் காரில் எதையோ கடித்து விழுங்கிவிட்டு, மிகச் சரியாக அந்த நேரத்தில் வந்து இறங்கி, மூடின ஜன்னல்களைப் பார்த்து, "ஐயோ, செத்த ஊரு," என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிவிடுவார்கள். இப்படி எத்தனை குடும்பத்தை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே கோட்டை விட்டிருக்கிறேன்.

இந்த முறை விடுவதாக இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் ஊர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கூடாது என்று வீடு வீடாகக் கேட்டுப் போனேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. ஞானஸ்நானம் எடுத்தது செல்லாது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

"பன்னெண்டு மணிக்கு நான் மேசைல இல்லன்னா எம் பொண்டாட்டி போலீசக் கூப்புடுவா," என்றார் ஃபிர்மன். திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், ஊரிலேயே பெரிய தொப்பை.

"பதினொண்ணுக்கே சாப்ட்டுடு."

"பதினொண்ணுக்கு எவன் சாப்புடுவான்? நான் என்ன ஆஸ்பத்திரிலயா இருக்கேன்?"

அவருடைய கூட்டாளி எமே குறுக்கே வந்தார். "சரி, வெயில்ல நின்னு சதுக்கத்துல குண்டு வீசி வெளையாடுறோம். எங்களுக்கு என்ன தருவ?"

"ரொட்டி தர்றேன். இந்த வருஷம் மட்டுமில்ல, அடுத்த வருஷமும். வேணுமா வேண்டாமா?"

இரண்டு பேரும் இரும்புக் குண்டுகளைத் துடைக்கப் போனார்கள். இன்னும் எட்டுப் பேரைச் சம்மதிக்க வைத்தேன். லெயோன்ஸிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை, "தூரத்து மலையில காட்டு அஸ்பாரகஸ் குருத்து நல்லா வந்திருக்காம், போய்ப் பறிச்சுட்டு வா. சாயங்காலம் ஆம்லெட் போட்றலாம்," என்று கையில் பையும் கத்தியும் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கிளம்பினார். கிளம்புவதற்கு முன், நான் அத்தை வீட்டுக்கு விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தடவையாக ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்ததைப் பார்த்து, "யாராவது வர்றாங்களா?" என்றார். "காத்தாட வைக்கிறேன்," என்றேன்.

சொன்னபடி பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கார் வந்தது. சதுக்கத்தில் ஜேஜே என்று கூட்டம். பதினொரு மணிக்குச் சாப்பிட ஒருவருக்கும் மனம் வரவில்லை, அதனால் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். பசியில் ஃபிர்மனும் எமேயும் எவன் குண்டு குறிக்கு அருகில் கிடக்கிறது என்று உண்மையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா ஒனக்கு? ரெண்டு வெரக்கடை என்னோடதுதான் கிட்ட!"

"ஒன் வெரலு சாசேஜ் மாதிரி இருக்கு, அத வச்சா அளக்குற?"

மதாம் தெலொபெல் காரை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு பூரித்துப்போய் நின்றாள். "எவ்ளோ உயிரோட இருக்கு இந்த ஊரு!" என்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், உயரமான, நேர்மையான முகம். அவளுடைய அப்பா மெதுவாக இறங்கினார். எண்பத்தாறு வயது, கையில் தடி. நேராக என் கடைக்குள் வந்தார். ரொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "அதிகமா வெந்தது ஒண்ணு குடுங்க மதாம்," என்றார். வாங்கி, முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சண்டையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்கம்மா போனப்புறம் இது ஒண்ணுதான் அவர் தானா செய்றது," என்றாள் மகள் தணிந்த குரலில். "காலைல எழுந்து, தனியா போய், வீட்டுக்கே ரொட்டி வாங்கிட்டு வரணும். நாங்க யாராவது வாங்கிட்டு வந்துட்டா அன்னிக்குப் பூரா பேச மாட்டார். அதுக்காகத்தான் ஊர இவ்ளோ தேடுறோம்."

சதுக்கத்திலிருந்து அத்தை வீட்டுக்கு ஒரு சந்து போகிறது. சந்து என்று பெயர். போகிற வழி பூராவும் படி. அறுபத்து மூன்று கற்படிகள், நடுவில் தேய்ந்து வழவழவென்று. கைப்பிடி கிடையாது. நான் அவளை அந்தப் பக்கமே கூட்டிப்போகவில்லை. பின்பக்கத்து ரோடு வழியாக, சுற்றிக்கொண்டு, அவள் காரிலேயே மேலே கூட்டிப்போனேன். வீடு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மொட்டை மாடியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தவள், வாசலைத் தாண்டி வளைந்து மறையும் சந்தைக் காட்டி, "அப்பா இப்படியே நடந்து கடைக்கு வந்துடலாமா? சமதரைதானே?" என்று கேட்டாள்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கயாரின் கூடை கண் முன்னால் வந்து நின்றது.

"சமதரைதான் மதாம். கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான்."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் நம்பினாள். கீழே வந்ததும், "வில்மாஸுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்," என்று கைப்பையில் பேனாவைத் தேடினாள். ஒப்பந்தத் தாளைக் கல்லாமேசையில் விரித்து வைத்தேன். அவள் பேனா மூடியைத் திறந்தாள். கடை வாசல் இருண்டது. முழங்கால் வரை சேறும், இடுப்பில் பையும், பை நிறையப் பச்சைக் குருத்துமாக லெயோன்ஸ் நின்றார்.

"மலையடில காட்டுப்பன்னி வேட்டைக்காரங்க நிக்கிறானுங்க, அதான் திரும்பிட்டேன்," என்று ஆரம்பித்தவர், சதுக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, யாரும் சாப்புடலியா? யாராவது செத்துட்டாங்களா?"

நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், காலை மிதிக்கக்கூடப் பார்த்தேன். மதாம் தெலொபெல் அதற்குள் சிரித்த முகத்தோடு கை நீட்டிவிட்டாள். "நீங்கதான் வீட்டுக்காரரா? ஜூலைல நாங்க வர்றோம். எங்கப்பா தெனம் காலைல அந்தச் சந்து வழியா வந்து உங்ககிட்ட ரொட்டி வாங்குவார்."

லெயோன்ஸ் பெஞ்சில் இருந்த கிழவரைப் பார்த்தார். தடியைப் பார்த்தார்.

"எந்தச் சந்து? இந்தச் சந்தா? வேண்டாங்க மதாம். அறுபத்து மூணு படி. மழ பேஞ்சா சோப்பு தடவுன மாதிரி இருக்கும். முப்பத்தொரு வருஷம் ஏறி எறங்குன நானே அதுல விழுந்து கணுக்காலு ஒடைஞ்சு ஒன்பது வாரம் படுத்திருந்தேன். அவருக்கு இது ஆவாது. வில்மாஸ்ல சதுக்கத்துமேலயே நோட்டரியோட விதவை வீடு இருக்கு, பன்னெண்டு கட்டிலு. வாசல்லேருந்து பதினாலு தப்படி வச்சா ரொட்டிக் கடை. சூளையே அங்கதான், சூடா கெடைக்கும்."

வெளியே குண்டாட்டம்கூட நின்றுவிட்டது. மதாம் தெலொபெல் பேனாவை மெதுவாக மூடினாள். என் பக்கம் திரும்பவில்லை. அவரிடமே கேட்டாள்.

"ஆனா சமதரைன்னு மதாம் சொன்னாங்களே?"

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக இந்த வாயோடு குடித்தனம் நடத்துகிறேன். அப்பாவிடம் சொன்ன வாய், மேயரிடம் சொன்ன வாய். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, "அவ பொய் சொல்லிட்டா," என்று சொல்லப்போகிறது. கல்லாமேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

லெயோன்ஸ் என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியாதுங்க. முட்டி வலி. அவ அந்தச் சந்துல கால் வச்சு மூணு வருஷமாச்சு. படிய இடிச்சுட்டு சரிவாப் போட்டுட்டாங்கன்னு நாந்தான் அவகிட்ட தப்பாச் சொல்லி வச்சிருந்தேன்."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார். பிறகு நோட்டரியின் விதவை வீட்டு எண்ணை, வழக்கம்போல மனப்பாடமாக, இரண்டு தடவை நிதானமாகச் சொல்லி எழுத வைத்தார். மதாம் தெலொபெல் எனக்கு நல்ல வைத்தியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கிழவர் தடியைத் தூக்கி ஃபிர்மனுக்கும் எமேக்கும் விடை சொன்னார். கார் கீழ்நோக்கிப் போனது. அதற்கு மேல் யாரும் காத்திருக்கவில்லை. அத்தனை பேரும் சாப்பிட ஓடினார்கள்.

"ஒன் முட்டிக்கு என்னாச்சு?" என்று ஃபிர்மன் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார். அவர் தொப்பையில் ஒரு குத்து விடலாம் போல இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் கயாரிடம் ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். ஜூன் முதல் தேதியிலிருந்து வேன் ஏறவில்லை. இப்போது லெயோன்ஸ்தான் விடிவதற்கு முன் எழுந்து, எங்கள் பழைய காரில் வில்மாஸுக்கு இறங்கி, கூடையில் ரொட்டி கொண்டுவந்து கடையில் இறக்குகிறார். அறுபத்தாறு வயதில், கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு. முதல் நாள் கூடையை வைத்துவிட்டு, "இருபத்தாறு. பாதி கொஞ்சம் வேகல. கேக்கறவங்ககிட்ட சொல்லிடு," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "இவ்ளோ நாளா ஒரு பொய் சொல்லத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் இருந்திருக்கு. அத அஞ்சு நிமிஷம் முன்னால சொல்லியிருந்தா இன்னிக்கு நீ தூங்கிட்டிருப்ப, கயாரு வந்து எறக்கியிருப்பான். அந்த அஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு நின்னிருந்தாகூடப் போதுமே மனுஷா!"

"அஞ்சு நிமிஷம் முன்னால பேச்சு அந்தக் கெழவரப் பத்தி," என்றார். "அப்புறம் கேட்டது உன்னப் பத்தி."

இதைச் சொல்லிவிட்டு, ஒரு ரொட்டியின் முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரம் உருப்படுமா? உருப்படாது. அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராததை இங்கே சொல்கிறேன். அன்று நான் என் கடைக்காக அந்தக் கிழவரைப் படியில் விடத் துணிந்தேன். அது லெயோன்ஸுக்குத் தெரியும். நீரூற்றில் தண்ணீர் வராததைக்கூடப் பொறுக்காத அந்த வாய், இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.